பறவைக் காய்ச்சலின் வரலாறு: அழித்தொழிப்பும் தடுப்பூசியும்

கோழிக்கு வரும் நோயொன்றின் வரலாற்றை ஆராய்வது வரலாற்று மாணவனுக்குரிய பணியா என்று சிலர் வினவக்கூடும். மிருக வைத்தியரிடமும் நுண்ணுயிரியலாளரிடமும் விட்டுவிடவேண்டிய விடயம் அது என்பது அவர்தம் எண்ணமாக இருக்கலாம். ஆயின், அந்நோய் எவ்வழியாற் பரவியது என்னும் வினாவுக்கு விடைதேடப் புகுந்தால், பறவைகளை யார் வளர்த்தனர், எத்தகைய கூட்டில் அடைத்தனர், எச்சந்தைக்குக் கொண்டுசென்றனர், அவை மாண்டபோது நட்டத்தை யார் தாங்கினர் என்னும் வினாக்களும் உடன்வந்து நிற்கின்றன. இவை வரலாற்று வினாக்கள். நோயைக் கட்டுப்படுத்த அரசுகள் கைக்கொண்ட வழிகள் அடிப்படையில் இரண்டு: மந்தை முழுவதையும் கொன்றொழித்தல் ஒன்று, தடுப்பூசியிட்டுக் காத்தல் மற்றொன்று. இவற்றுள் எதனை எவ்வரசு எப்பொழுது தெரிந்தெடுத்தது என்பது மருத்துவ அறிவினால் மாத்திரம் தீர்மானிக்கப்பட்டதன்று. வாணிகமும் உற்பத்தி முறையும் அத்தெரிவிற் பெற்ற பங்கினை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1878 ஆம் ஆண்டில் எடுவார்தோ பெரொன்சித்தோ என்னும் இத்தாலிய அறிஞர் வட இத்தாலியிற் கோழிகளிடையே தோன்றிய கொடிய கொள்ளைநோயொன்றை விவரித்தார். அதனை அக்காலத்தார் கோழி வாந்திபேதியுடன் சேர்த்தே எண்ணினர். இரண்டாண்டுகளின் பின்னர், 1880 இல், ரிவோல்த்தா, தெல்பிராத்தோ ஆகிய இருவரும் இஃது வேறொரு நோய் என நோய்க்குறிகளைக் கொண்டு பிரித்துக்காட்டினர். இவ்விடத்து ஒரு செய்தியை நினைவூட்டுவது பொருத்தமானது. அதே காலத்திற்றான், 1879–80 இல், பாஸ்டர் கோழி வாந்திபேதியின் பக்றீரியாவை ஆய்வுகூடத்தில் வலுவிழக்கச்செய்து, அதனைக் கொண்டே கோழிகளுக்கு நிர்ப்பீடனம் அளிக்கலாம் என்று காட்டினார். ஆய்வுகூடத்தில் வலுக்குறைக்கப்பட்ட முதலாவது தடுப்பூசி மனிதனுக்காக அன்றிக் கோழிக்காகவே தோன்றியது. ஒன்றாக எண்ணப்பட்ட இரு நோய்களுள் ஒன்றுக்கு அன்றே தடுப்பூசி கிடைத்தது. மற்றையது ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1901 இல் சென்தான்னி, சவோனுட்சி ஆகியோர் இந்நோயின் காரணி பக்றீரியாக்களைத் தடுத்துநிறுத்தும் நுண்வடிகளையும் கடந்து செல்வது எனக் கண்டனர். இன்றைய சொல்லில் அது வைரசு. அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு சம்பவம் இக்கட்டுரைக்கு இன்னும் முக்கியமானது. ஜேர்மனியின் பிரவுன்சுவைக் நகரிற் கோழிக் கண்காட்சியொன்று நடைபெற்றது. அங்கே நோய் தலைகாட்டிற்று. அதிகாரிகள் கண்காட்சியை இடைநடுவே மூடி, பறவைகளை உரிமையாளர் தத்தம் ஊருக்குத் திருப்பிக் கொண்டுசெல்ல விட்டனர். கோழிகளோடு நோயும் ஜேர்மனியின் பல பகுதிகளுக்கும் பயணஞ்செய்தது. 1924–25 இல் ஐக்கிய அமெரிக்காவில் நோய் தோன்றியபொழுது நியூயோர்க்கின் உயிர்க்கோழிச் சந்தைகளும், அவற்றுக்குப் பறவைகளை ஏற்றிவந்த புகையிரதப் பெட்டிகளும், கழுவப்படாது திரும்பிச்சென்ற கூடுகளுமே அதனைப் பரப்பின. காற்றையும் காட்டுப்பறவையையும் குற்றஞ்சாட்டுவது எளிது. வாணிகப் பாதைகளின் படத்தை நோய்ப்பரம்பலின் படத்தின்மீது வைத்துப் பார்ப்போமாயின் இரண்டும் பெரும்பாலும் பொருந்தி வருதலைக் காணலாம்.

நமது பிரதேசத்தோடு தொடர்புடைய ஒரு குழப்பத்தையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1926 அளவில் யாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டிலும் கோழிகள் திரளாக மாண்டன. கோழிக் கொள்ளைநோய் கிழக்கையும் அடைந்துவிட்டது என்றே முதலிற் கருதப்பட்டது. ஆயின் ஒரு நோயினின்றும் பிழைத்த பறவை மற்றைய நோய்க்கு இரையாவதைக் கொண்டு இவை வேறுவேறானவை எனத் துணியப்பட்டது. நமது கிராமத்துப் பெண்கள் வளர்க்கும் கோழிகளைக் காலந்தோறும் சூறையாடிவந்த இராணிக்கெட் நோய் இதுவே. தமிழ்நாட்டில் இதனை வெள்ளைக் கழிச்சல் என்பர். இதற்கு 1940களில் முக்தேசர் ஆய்வு நிலையத்தில் தடுப்பூசி ஆக்கப்பட்டது. கோழிக்குத் தடுப்பூசி என்பது நம்மவர்க்குப் புதிய கருத்தன்று என்பதற்காகவே இதனைச் சொல்ல நேர்ந்தது. ஒரே வகையான இழப்பை விளைக்கும் இரு நோய்களுள் ஒன்றுக்கு ஊசியிடுவது வழமையாகவும், மற்றொன்றுக்கு ஊசியிடுவது பல நாடுகளில் விலக்காகவும் இருந்து வந்திருப்பது சிந்தனைக்குரியது.

1955 இல் ஜேர்மனியின் தூபிங்கனில் வேர்னர் சேபர் என்பவர், கோழிக் கொள்ளைநோயின் வைரசு மனிதருக்குக் காய்ச்சலை உண்டாக்கும் இன்புளுவென்சா ‘ஏ’ வகையைச் சேர்ந்ததே என நிறுவினார். முக்கால் நூற்றாண்டாகக் கோழிப்பட்டியில் அடைபட்டிருந்த நோய் இவ்வாறு மனித நோயின் வரலாற்றோடு இணைந்தது. 1961 இல் தென்னாபிரிக்கக் கரையோரத்திற் கடற்பறவைகளான ஆலாக்கள் ஆயிரத்துக்கு மேல் இந்நோயால் இறந்தமை, காட்டுப்பறவைகளையும் ஆராயவேண்டும் என்ற எண்ணத்தைத் தூண்டிற்று. அதன்பின் நடந்த ஆய்வுகளால் நீர்வாழ் பறவைகளே, சிறப்பாகக் காட்டுத் தாராக்களே, இவ்வைரசுகளின் இயற்கைச் சேமிப்பிடம் என்பது தெளிவாயிற்று.

*

நோயின் இயல்பினைச் சிறிது விரிவாக நோக்குதல் அவசியம். ஏனெனில் பின்னெழுந்த கொள்கைப் பிணக்குகள் யாவும் இதனோடு தொடர்புடையன.

இவ்வைரசின் மேற்பரப்பில் இரு புரதங்கள் முட்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஈமகுளூற்றினின், வைரசைப் பறவையின் கலத்துடன் பிணைத்து உள்ளே நுழையவைப்பது. மற்றையது நியூரமினிடேசு, பெருகிய புதிய வைரசுகளைக் கலத்தினின்றும் விடுவிப்பது. பறவைகளில் முதலாவதில் 16 வகைகளும் இரண்டாவதில் 9 வகைகளும் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளன. எச்5என்1, எச்7என்9 என்றவாறு வழங்கும் பெயர்கள் இவற்றின் சேர்க்கையையே குறிப்பன.

காட்டுத் தாராவின் குடலில் இவ்வைரசு பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. எச்சத்துடன் நீரிற் கலந்து, குளிர்ந்த நீரில் நெடுநாள் நிலைத்து, அந்நீரைப் பருகும் அடுத்த பறவையை அடைகிறது. ஈமகுளூற்றினின் செயற்படவேண்டுமாயின் அது ஒரு குறித்த இடத்தில் வெட்டப்படல் வேண்டும். சாதாரண வைரசில் இவ்வெட்டினைச் செய்யும் நொதியங்கள் குடலிலும் சுவாசப்பாதையிலுமே உள்ளன. ஆகவே நோய் அவ்வுறுப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் எச்5, எச்7 வகை வைரசுகள் நெருக்கமாக அடைக்கப்பட்ட கோழிகளிடையே புகுந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பல சுற்றுகள் தாவும்பொழுது, வெட்டப்படும் இடத்தின் அமைப்பு மாறிவிடுவதுண்டு. அவ்வாறு மாறியபின் உடலின் எல்லாக் கலங்களிலும் உள்ள நொதியமொன்றே அதனை வெட்டிவிடுகிறது. இதயம், மூளை, ஈரல் என வேறுபாடின்றி வைரசு பரவ, ஓரிரு நாளிற் கொட்டகை முழுவதும் பிணக்குவியலாகின்றது. கொண்டை நீலம்பாரித்தல், முகம் வீங்குதல், முட்டையிடல் திடீரென நின்றுபோதல் ஆகியன வெளித்தெரியும் குறிகள். சில வேளைகளில் இக்குறிகள் தோன்றுமுன்னரே மரணம் முந்திக்கொள்கிறது.

இதன் சமூகப் பொருள் வெளிப்படையானது. கொல்லும் வைரசு பெரும்பாலும் காட்டிலிருந்து ஆயத்தமாக வருவதில்லை. சாதுவான வைரசு வந்து, மனிதன் அமைத்த கொட்டகைக்குள் கொடியதாகியது. 1983 இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் எச்5என்2 வைரசு இலேசான சுவாச நோயாகத் தோன்றிற்று. பண்ணைகளுக்குள் அது சுற்றித்திரிந்த ஆறு மாதங்களின் பின், ஒக்டோபரில் அதே வைரசு கொள்ளைநோயாகிவிட்டது. ஒரு கோடியே எழுபது இலட்சம் அளவிலான பறவைகள் கொல்லப்பட்டன. மத்திய அரசின் செலவு 6 கோடி டொலரைக் கடந்தது.

கொன்றொழிக்கும் முறை புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாப்பரசரின் மருத்துவரான லான்சிசி மாட்டுக் கொள்ளைநோய்க்கு எதிராக வகுத்த முறையே பிற்காலக் கால்நடைச் சட்டங்களின் முன்மாதிரியாயிற்று. நோய்கண்ட மந்தையையும் அதனோடு தொடர்புற்றவற்றையும் உடனே கொல், நடமாட்டத்தைத் தடைசெய், இடத்தைத் தூய்மையாக்கு. முறை கடுமையானதாயினும் பயனளித்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அது வெற்றிபெற இரு நிபந்தனைகள் வேண்டும். நோய் கண்டவுடன் உரிமையாளன் தானாகவே முன்வந்து அறிவித்தல் ஒன்று. அவ்வாறு அறிவிப்பவனுக்கு நட்டஈடு தருவதற்கு அரசிடம் பணமும் மனமும் இருத்தல் மற்றொன்று. இரண்டாவது இல்லாதவிடத்து முதலாவதும் இராது. கோழியை மறைப்பான், இரவோடிரவாக விற்பான், நோயுற்றதை அறுத்து உண்பான். இதனை அறியாமை என்று கூறுவோர் வறுமையின் தருக்கத்தை அறியாதோர்.

*

தடுப்பூசி எவ்வாறு காக்கிறது? நெடுங்காலம் பெருவழக்கில் இருந்தது கொல்லப்பட்ட வைரசினாலான ஊசியே. கருக்கொண்ட கோழிமுட்டையில் வைரசை வளர்த்து, இரசாயனப் பொருளாற் செயலிழக்கச்செய்து, எண்ணெய்க் குழம்புடன் கலந்து, பறவையின் கழுத்திலோ தொடையிலோ செலுத்துவர். கோழியைக் காக்கும் மருந்துக்கும் கோழிமுட்டையே வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. ஊசிபெற்ற பறவையின் உடல் ஈமகுளூற்றினினுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை ஆக்கிக்கொள்கிறது. பின்னர் உண்மையான வைரசு வந்தால் அவை அதனைப் பற்றிக்கொண்டு கலத்தினுள் நுழையவிடாது தடுக்கின்றன. ஈமகுளூற்றினினின் வகை பொருந்துதலே இங்குத் தலையாயது. எச்5 ஊசி எச்7 நோயைத் தடுக்காது.

இங்கு மூன்று நிலைகளை வேறுபடுத்தி நோக்கவேண்டும். பறவை சாகாதிருத்தல் முதலாவது. அதனை நல்ல ஊசி எளிதில் அளித்துவிடும். தொற்றிய பறவை வெளியேற்றும் வைரசின் அளவு குறைதல் இரண்டாவது. தொற்று ஏற்படுவதற்கே முன்னிலும் பெரிய அளவு வைரசு தேவைப்படல் மூன்றாவது. இரண்டும் மூன்றும் சேர்ந்து, நோயுற்ற பறவையொன்று சராசரியாக ஒன்றிலும் குறைந்த பறவைக்கே நோயைக் கடத்தும் நிலை வருமாயின், கொட்டகையில் நோய் தானாகவே அவிந்துவிடும். மந்தை முழுவதற்குமான காப்பு என்பது இதுவே. ஆயின் ஊசி பெற்றோ பெறாமலோ பலவீனமாயிருக்கும் பறவைகள் மிகுதியானால், முதலாம் நிலை மாத்திரம் கைகூடி மற்றவை தவறிப்போகும். அப்பொழுது பறவைகள் சாகா. நோய் மாத்திரம் ஓசையின்றி நடமாடும். பிணங்கள் இல்லாதவிடத்து எச்சரிக்கையும் இல்லை. தடுப்பூசியை எதிர்ப்போர் கூறும் வலுவான நியாயம் இதுவே. இதனை இலேசாகத் தள்ளிவிடலாகாது.

மெக்சிக்கோவின் அனுபவம் இதற்குச் சான்று. 1994 இல் அங்குத் தோன்றிய எச்5என்2 வைரசு ஆண்டிறுதியிற் கொடியதாகியது. 1995 இல் தடுப்பூசி தொடங்கப்பட்டது. கொடிய வடிவம் அவ்வாண்டிலேயே மறைந்தமை பெருஞ்சாதனை. ஆனால் சாதுவான வடிவம் தொடர்ந்து நடமாடிற்று. மாறாத ஒரே ஊசியை ஆண்டாண்டாகப் பயன்படுத்தியமையால், ஊசியின் பிடியிலிருந்து விலகிச்செல்லும் வைரசு வகைகள் மேலோங்கின. வைரசு மாற, ஊசி மாறாதிருந்தால் விளைவது என்ன என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாகக் காட்டின.

இத்தாலியர் இதற்கு வேறொரு விடை கண்டனர். 1999–2000 இல் வட இத்தாலியில் எச்7என்1 நோயால் ஒரு கோடியே முப்பது இலட்சம் அளவிலான பறவைகள் மாண்டன அல்லது கொல்லப்பட்டன. அதனையடுத்து இலாரியா கப்புவா முதலியோர் ஒரு நுட்பத்தைக் கையாண்டனர். நாட்டில் நடமாடும் வைரசு எச்7என்1 எனின், எச்7என்3 வைரசாலான ஊசியைப் போட்டனர். எச்7 பொதுவாதலாற் காப்பு உண்டு. ஆனால் ஊசிபெற்ற பறவையில் என்3 இற்கு எதிரான பிறபொருளெதிரி மாத்திரமே இருக்கும். என்1 இற்கு எதிரானது காணப்பட்டால் அப்பறவையை உண்மை நோய் தீண்டியிருக்கிறது என்று துணியலாம். ஓசையின்றி நடமாடும் நோயைக் காட்டிக்கொடுக்கும் தந்திரம் இது. “ஊசியிட்டால் நோய் மறைந்துவிடும், ஆகவே ஊசிபெற்ற நாட்டின் இறைச்சி வேண்டாம்” என்ற ஏற்றுமதிச் சந்தையின் வாதம் அத்துடன் தன் அறிவியல் அடிப்படையிற் பெரும்பகுதியை இழந்திருக்கவேண்டும். இழக்கவில்லை என்பதைப் பின்னர் காண்போம்.

*

இவ்வரலாற்றின் மையம் ஹொங்கொங் என்று கூறின் மிகையாகாது. தென்சீனத்தில் தாரா, பன்றி, நெல், மனிதன் ஆகியவை நெருங்கி வாழும் வேளாண்மை முறையானது புதிய இன்புளுவென்சா வகைகள் தோன்றும் களமாக அமையலாம் என ஹொங்கொங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனடி சோர்ட்றிச் 1982 இலேயே எழுதியிருந்தார். 1978 இன் பின் சீனாவில் ஏற்பட்ட பொருளாதார மாற்றங்களால் முத்தாற்றுக் கழிமுகத்திற் கோழிவளர்ப்பு பன்மடங்கு பெருகிற்று. பழைய தாராக்குளங்களின் அருகே புதிய கோழிக் கொட்டகைகள் எழுந்தன. 1996 இல் குவாங்டொங் மாகாணத்தின் வாத்துப் பண்ணையொன்றிற் கண்டெடுக்கப்பட்ட எச்5என்1 வைரசின் வழித்தோன்றல்களே பின்னர் உலகெங்கும் பரவின.

1997 மார்ச்சு தொடக்கம் ஹொங்கொங்கின் புதிய பிரதேசத்திலுள்ள மூன்று பண்ணைகளிற் கோழிகள் மாண்டன. மே மாதத்தில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலால் இறந்தான். அவனிடமிருந்து எடுக்கப்பட்ட வைரசு எச்5என்1 என்று ஓகத்திற்றான் இனங்காணப்பட்டது. பறவையின் எச்5 வைரசு மனிதனை நேராகத் தொற்றி நோயாளியாக்கும் என்பதை அதுவரை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆண்டிறுதிக்குள் மொத்தம் 18 பேருக்கு நோய் கண்டது. அவருள் 6 பேர் இறந்தனர். நகரின் சந்தைகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கோழிகளில் வைரசு இருந்தது. டிசம்பர் 29 ஆந் திகதி அரசு நகரிலுள்ள கோழிகள் அனைத்தையும் கொல்லத் தொடங்கிற்று. ஏறத்தாழ 160 பண்ணைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சில்லறைக் கடைகளிலும் இருந்த பதினைந்து இலட்சம் அளவிலான பறவைகள் சில நாட்களிற் கொல்லப்பட்டன. புதிய மனித நோயாளிகள் தோன்றுவது நின்றது.

அழிப்பு வெற்றி பெற்றது என்றே உலகம் எழுதிற்று. உண்மையில் ஹொங்கொங் வரலாற்றின் பாடம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. வைரசின் ஊற்று எல்லைக்கு அப்பால் இருந்தமையால் அது 2001 இலும் 2002 இலும் மீண்டும் வந்தது. மீண்டும் இலட்சக்கணக்கிற் கோழிகள் கொல்லப்பட்டன. ஒவ்வொரு முறையும் கோழி வளர்ப்போனும் கடைக்காரனும் வெறுங்கையுடன் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. எனவே நிருவாகம் சந்தையின் அமைப்பிலேயே கைவைத்தது. தாராவும் வாத்தும் கோழியுடன் ஒரே கடையில் உயிருடன் விற்கப்படுவது நிறுத்தப்பட்டது. மாதந்தோறும் ஒருநாள் கடைகள் யாவும் வெறுமையாக்கப்பட்டுக் கழுவப்பட்டன. காடை விற்பனை தடுக்கப்பட்டது. சந்தை என்பது வைரசைப் பொறுத்தவரை வற்றாத குளம். பழைய பறவை விற்றுத்தீருமுன் புதிய பறவை வந்துசேரும். அக்குளத்தை இடையிடையே வற்றவைப்பதே ஓய்வுநாளின் தத்துவம்.

2002 ஏப்பிரலிற் சில பண்ணைகளில் எச்5என்2 ஊசி சோதித்துப் பார்க்கப்பட்டது. அவ்வாண்டிறுதியில் நோய் மறுபடி தோன்றியபோது, நோய்கண்ட பண்ணைகளிலும் ஊசிபெற்ற கொட்டகைகளில் அது பரவாது நின்றமை அவதானிக்கப்பட்டது. 2003 நடுப்பகுதிக்குள் உள்ளூர்ப் பண்ணைகள் யாவற்றிலும் ஊசி கட்டாயமாயிற்று. பெருநிலச் சீனத்திலிருந்து வரும் கோழிகளுக்கும் அடுத்த ஆண்டில் அவ்விதி விரிந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஊசியிடப்படாத சில கோழிகள் காவற்பறவைகளாக விடப்பட்டன. ஓசையின்றி வைரசு நுழைந்தால் அவை மாண்டு அதனை அறிவிக்கும். இத்தாலியர் இரத்தப் பரிசோதனையாற் சாதித்ததை இவர்கள் கோழியைக் கொண்டே சாதித்தனர். 2004 தொடக்கத்திற் சீனா, வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா யாவும் நோயில் மூழ்கியபொழுது ஹொங்கொங்கின் பண்ணைகள் தப்பின. 2008 டிசம்பரில் யுன்லோங் பகுதிப் பண்ணையொன்றில் நோய் தோன்றும்வரை அந்நிலை நீடித்தது.

எனினும் அச்சாதனையை ஊசியின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. பரிசோதனை, ஓய்வுநாள், காவற்பறவை, சந்தை ஒழுங்கு ஆகியவற்றோடு சேர்ந்தே ஊசி வேலை செய்தது. செல்வமும் செறிவான நிருவாகமும் வாய்ந்த சிறு நகரமொன்றின் சாதனை அது. அதன் விலையும் குறைவன்று. 2008 யூலை தொடக்கம் கடைகளில் உயிர்க்கோழியை இரவில் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. பண்ணைகளையும் கடைகளையும் அரசே பணங்கொடுத்து மூடச்செய்தது. முன்னர் ஏறத்தாழ 160 ஆயிருந்த பண்ணைகள் 30 அளவிற்குக் குறுகின. பல தலைமுறையாகக் கோழி விற்ற சிறு வணிகரின் வாழ்வு இவ்வாறு முடிந்தது. நோய்த்தடுப்பு வரலாறுகளில் அவர்க்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

*

2004 இல் வியட்நாமும் தாய்லாந்தும் எதிரெதிர்த் திசைகளிற் சென்றமை ஒப்புநோக்கிற்கு ஏற்றது. வியட்நாமிற் கோழியும் தாராவும் பெரும்பாலும் கோடிக்கணக்கான விவசாயக் குடும்பங்களின் கொல்லைப்புறத்தில் வளர்ந்தன. ஏற்றுமதி மிக அற்பம். முதலிற் கொன்றொழிப்பே கைக்கொள்ளப்பட்டு, நாலு கோடிக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. கிடைத்த நட்டஈடு சந்தை விலையின் ஒரு பகுதியே. இதனைத் தொடர்ந்து நடத்தமுடியாது என உணர்ந்த அரசு 2005 இல் நாடளாவிய ஊசித்திட்டத்தை மேற்கொண்டது. கிராமந்தோறும் ஊசிபோடுவோர் சென்று, பறவையைத் துரத்திப் பிடித்து, ஒவ்வொன்றாக ஊசியிட்டனர். சந்தைக் கட்டுப்பாடுகளும் உடன்வந்தன. 2006 முழுவதிலும் அந்நாட்டில் ஒரு மனித நோயாளியேனும் பதிவாகவில்லை.

தாய்லாந்தோ உலகின் பெரிய கோழியிறைச்சி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று. சில வாரங்கள் மறுத்துவந்தபின் 2004 சனவரியில் நோயை ஒப்புக்கொண்ட அரசு, ஊசியை அனுமதிக்க மறுத்துவிட்டது. வாங்கும் நாடுகள் ஊசிபெற்ற கோழியை ஏற்கா என்பதே காரணம். ஏற்றுமதி செய்வோர் சில பெருநிறுவனங்கள். கொல்லப்பட்ட கோழிகளோ அவர்களுடையன மாத்திரமல்ல. சேவற்போர் நடத்துவோர் தம் சேவல்களுக்கேனும் ஊசி வேண்டும் என்று வாதாடினர். அதற்குப் பதிலாக அரசு சண்டைச்சேவல்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கிற்று! அறுவடைசெய்த வயல்களில் மேய்ந்து திரியும் தாராக்கூட்டங்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மத்திய தாய்லாந்தில் ஆய்வுகளால் உறுதியானபின், தாராக்காரரின் பழைய மேய்ச்சல் முறை கட்டுப்படுத்தப்பட்டது. தாய்லாந்து நோயை அடக்கியது உண்மை. ஆனால் அடக்கத்தின் சுமையை ஏற்றவரும், அதன் பயனான ஏற்றுமதியை அனுபவித்தவரும் ஒருவரல்லர்.

எகிப்திலும் இந்தோனேசியாவிலும் ஊசி தொடங்கியும் நோய் நிலைகொண்டது. வீட்டுக்கோழிகளிற் பெரும்பகுதியை ஊசி எட்டவில்லை, குளிர்ச்சங்கிலி அறுந்தது, ஒருமுறை போட்டவன் இரண்டாம் முறை வரவில்லை, வைரசு மாறியபின்னும் பழைய ஊசியே தொடர்ந்தது. இவற்றைத் தடுப்பூசியின் தோல்வி என்பதிலும் மிருக வைத்திய சேவையின் தோல்வி என்பதே பொருந்தும்.

இந்தோனேசியாவைப் பற்றிப் பேசும்போது மற்றொரு விடயத்தையும் சொல்லாது விடமுடியாது. தன் நாட்டு நோயாளிகளிடமிருந்து பெற்று உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட வைரசைக் கொண்டு ஆஸ்திரேலிய நிறுவனமொன்று மனிதருக்கான தடுப்பூசி ஆக்குவதை அறிந்த சுகாதார அமைச்சர் சித்தி பாடிலா சுபாரி, மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தினார். நோய் எங்களுடையது, வைரசு எங்களுடையது, ஊசி மாத்திரம் விலைகொடுப்போருடையதா என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம். உலகின் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார் என்று மேலைநாட்டார் அவரைக் கண்டித்தனர். ஆயினும் அவ்வெதிர்ப்பின் விளைவாகவே 2011 இல் உலக சுகாதாரப் பேரவை, வைரசைப் பகிர்வோர்க்கு ஊசியிலும் பங்குண்டு என்ற கோட்பாட்டை ஏற்கும் உடன்பாட்டை நிறைவேற்றியது.

சீனாவின் நிலை வேறு. ஹார்பின் மிருக வைத்திய ஆய்வு நிறுவனம் 2004 இல் ஒரு புதிய ஊசியை ஆக்கிற்று. வைரசின் மரபுப் பொருளை ஆய்வுகூடத்தில் மாற்றியமைத்து, முன்னர் கூறிய வெட்டுமிடத்தைச் சாதுவாக்கி, முட்டையில் நன்கு வளரும் வைரசொன்றின் உடலிற் பொருத்தினர். வைரசு மாறமாற ஊசியின் மேற்புரதத்தையும் மாற்றிக்கொள்ளலாம். 2013 இல் தோன்றிய எச்7என்9 கோழிகளை நோயுறச்செய்யாது, அவற்றினின்றும் ஓசையின்றி மனிதருக்குத் தாவி, ஐந்து பருவங்களில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டோரைத் தாக்கிற்று. 2017 இல் எச்5, எச்7 இரண்டுக்குமான ஊசி நாடெங்கும் கோழிகளுக்குப் போடப்பட்டபின் மனித நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவிற்குக் குறைந்தனர். கோழிக்கு இட்ட ஊசி மனிதனைக் காத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

*

2005 இல் சீனாவின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் முதலான காட்டுப்பறவைகள் ஆயிரக்கணக்கில் மாண்டபின் நிலைமை புதிய கட்டத்தை அடைந்தது. கொட்டகையிற் கொடியதாகிய வைரசு மீண்டும் காட்டுக்குச் சென்று, வலசைப் பறவைகளுடன் கண்டங்களைக் கடக்கத் தொடங்கிற்று. 2006 பெப்புருவரியில் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்து நவாப்பூரில் அது முதன்முதலாகத் தோன்றியது. 2020 இன் பின் பரவிய வகை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் திரும்பிவந்தது. ஊற்று வானத்திலேயே இருக்கையில் கொன்றொழித்து முடித்தல் என்பது பொருளற்றதாகிவிட்டது.

அதனால் ஊசியை நெடுங்காலம் மறுத்த நாடுகளும் தடுமாறின. 2021–22 பருவத்தில் மாத்திரம் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பறவைகளைக் கொன்ற பிரான்சு, 2023 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் பண்ணைத் தாராக்களுக்கு ஊசியைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் செலவின் 85 வீதத்தை அரசு ஏற்றது. இறந்த பறவைகளிலிருந்து வாரந்தோறும் மாதிரி பெறப்பட்டது. முந்திய பருவங்களில் நூற்றுக்கணக்காக இருந்த நோய்கண்ட பண்ணைகள் அடுத்த பருவத்தில் பத்தளவாகச் சுருங்கின. ஊசி தொடங்கிய அதே நாளிலிருந்து ஐக்கிய அமெரிக்கா பிரெஞ்சுக் கோழிப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஊசி நோயை மறைக்கும் என்ற பழைய வாதமே காரணமாகக் கூறப்பட்டது. இத்தாலியரின் பரிசோதனை முறை வெளிவந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதே ஐக்கிய அமெரிக்கா 2022 தொடக்கம் 2024 முடிவதற்குள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட தன் பறவைகளை இந்நோயால் இழந்தது. முட்டைக்கோழி வளர்ப்போரும் வான்கோழி வளர்ப்போரும் ஊசி வேண்டினர். இறைச்சிக்கோழி ஏற்றுமதி செய்வோர் எதிர்த்தனர். ஏறத்தாழ ஆறு வாரத்தில் அறுக்கப்படும் கோழிக்கு ஊசி வீண்செலவு. வெளிநாட்டுச் சந்தை போய்விட்டால் அதனினும் பெருநட்டம். 2023 இல் அந்நாடு நோய்க்கெதிரான ஊசியை ஒரேயொரு பறவைக்கு அவசரமாக அனுமதித்தது. கலிபோர்னியக் கொண்டோர் என்னும் அருகிவரும் பிணந்தின்னிக் கழுகு அது. அரிசோனா–யூட்டாப் பகுதியில் அக்கழுகுகளுள் 21 இறந்தமையே அவ்வனுமதிக்குக் காரணம். அதனை வாங்குவாரும் இல்லை, விற்பாரும் இல்லை.